ஆளைப் பார்த்து விமானப் பயணிகளைச் சோதித்தால் என்ன?

எல்லாரையும் வரிசையில் நிறுத்தாமல் சந்தேகமான முகங்களை மட்டும் சோதித்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து விடியுமுன் கிளம்பி, பெங்களூரு விமான நிலையத்தில் கால்கடுக்க நிற்பவருக்கு அப்படித் தோன்றும்தான். ஆனால், எந்த முகம்?

1972இல் இஸ்ரேலின் லோட் விமான நிலையத்தில் சுட்டவர்கள் ஜப்பானியர்கள். 1986இல் லண்டன் ஹீத்ரோவில் இஸ்ரேலிய விமான நிறுவனமான எல் அல்லின் விமானம் ஏற வந்தவரோ கர்ப்பிணியான அயர்லாந்துப் பெண். வழக்கமான சோதனையைத் தாண்டியும் விட்டார். எல் அல் ஊழியர்கள்தான் பேச்சுக் கொடுத்தார்கள். பையைக் காலி செய்த பின்னும் அது கனத்தது. அடித்தட்டில் வெடிமருந்து! வைத்தவன் காதலன், பாவம், அவருக்கு எதுவும் தெரியாது.

ஆள் அடையாளத்தை நம்பினால், பயங்கரவாதிகள் அதற்குப் பொருந்தாதவரை அனுப்புவார்கள். இதே எல் அல்மீது, அரபுப் பயணிகளை இனம் பார்த்துத் துருவுகிறது என்ற புகாரும் நெடுங்காலமாக உண்டு.