வீட்டுக்குத் தெரியாத பத்து சதவீதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது முப்பத்தாறு. ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. பிபிஎஃப், இரண்டு எஸ்ஐபி, நகைக்கடைச் சீட்டு என்று மாதாமாதம் ஒழுங்காகப் போகிறது. போன வருஷம் நண்பர் சொல்லி பிட்காயினில் கொஞ்சம் போட்டேன். மொத்தச் சேமிப்பில் பத்து சதவீதம் வரை இப்படிப்பட்ட டிஜிட்டல் நாணயங்களில், அதாவது கிரிப்டோவில் வைக்கலாம் என்கிறார் அவர். யூடியூபில் ஒருவர் ஐந்து என்கிறார், இன்னொருவர் தொடவே கூடாது என்கிறார். எனக்கோ அரசாங்கங்களின் கையில் இல்லாத பணம் என்கிற எண்ணமே பிடித்திருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் பயப்படுவார்கள். எத்தனை சதவீதம் சரி?

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

முதலீட்டு யோசனை கேட்க என்னைவிடப் பொருத்தமில்லாத ஆளை நீங்கள் தேடினாலும் கிடைக்காது. பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் கடைசி வரிக்கு முந்தைய வரி. சமீபத்தில் இறந்துபோன நண்பர் ஒருவரின் மனைவிக்குத் துணையாக வங்கி வங்கியாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். 'அவர் எங்கிட்ட எதுவும் சொன்னதில்லையே' என்று ஒவ்வொரு கவுண்டரிலும் அந்த அம்மா சொல்வதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம்.

சதவீதத்தை முதலில் முடித்துவிடுவோம். பிட்காயின் வட்டி தராது, வாடகை தராது, டிவிடெண்ட் தராது. நீங்கள் கொடுத்ததைவிட அதிகம் கொடுக்க இன்னொருவர் வந்தால்தான் லாபம். 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்டது, அடுத்த நவம்பரில் 16,000-க்கும் கீழே கிடந்தது, 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. முழுசாகப் போனாலும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கை நடுங்காத தொகை எதுவோ, அதுதான் உங்கள் உச்சவரம்பு. அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். உங்கள் பட்டியலில் டேர்ம் இன்ஷூரன்ஸ் எங்கே? மருத்துவக் காப்பீடு எங்கே? இரண்டும் இல்லாமல் பிட்காயினில் ஐந்தா பத்தா என்று விவாதிக்கிறீர்கள். படித்தவர்தானே நீங்கள்?

அரசாங்கத்தின் கையில் இல்லாத பணமாம். 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்தில் 30 சதவீதம் அரசாங்கத்துக்கு. பிட்காயினில் ஒரு லட்சம் லாபம், வேறொரு காயினில் ஒரு லட்சம் நஷ்டம் என்று வையுங்கள். உங்கள் கையில் மிச்சம் ஒன்றுமில்லை. ஆனால் நஷ்டத்தைக் கழிக்க விடமாட்டார்கள். செஸ்ஸோடு சேர்த்து 31,200 ரூபாய் வரி கட்டவேண்டும். விற்கும்போதே ஒரு சதவீதம் டிடிஎஸ் வேறு. இதற்கு மேல் அந்தத் தத்துவத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

சரி, வீட்டில் சொல்லவில்லை என்று நீங்கள் எழுதிய வரிக்கு வருகிறேன்.

எங்கள் கும்பகோணத்து மாமா, அத்தையின் கணவர், பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு நிதிக் கம்பெனி முளைத்திருந்தது. வங்கி கொடுக்கும் வட்டியைப்போல இரண்டு மடங்கு தருகிறோம் என்றார்கள். மாமா தன் பிஎஃப் பணத்தை அப்படி ஒரு கம்பெனியில் போட்டார், அத்தையிடம் சொல்லாமல். சொன்னால் பயப்படுவாள் என்று நினைத்திருப்பார், உங்களைப் போலவே. ஒருநாள் காலையில் குளித்துவிட்டு வந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்தபிறகு பழைய பஞ்சாங்கங்களைக் கட்டி எடுத்து வைக்கும்போது ரசீதுகள் கீழே விழுந்தன. ரோஸ் நிறத் தாள், மேலே லட்சுமி படம். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் வட்டி வாங்கிய தேதியைச் சிவப்பு மையில் மாமா வரிசையாகக் குறித்து வைத்திருந்தார். கடைசித் தேதிக்குப் பிறகு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கம்பெனி மூடி மாதங்கள் ஆகியிருந்தன. அதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாதங்களில் அவர் எப்படித் தூங்கினார் என்று அத்தை இப்போதும் கேட்பாள்.

ஆனாலும் அத்தைக்கு ஒரு தாள் இருந்தது. அதில் பெயர், எண், முத்திரை இருந்தன. இப்படி ஏமாந்த டெபாசிட்தாரர்களுக்காகவே 1997-ல் தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. பொருளாதாரக் குற்றப்பிரிவில் மனு கொடுத்து, ரசீதுகளின் நகலை ரெக்ஸின் பையில் போட்டுக்கொண்டு வருஷக்கணக்காக அலைந்து, போட்டதில் ஒரு பங்கை அத்தை வாங்கினாள்.

உங்கள் மனைவி எந்தப் பஞ்சாங்கத்தை உதறுவார்? காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சிலேயே வைத்திருக்கிறீர்களா, சாவி உங்களிடமே இருக்கும் சொந்த வாலட்டிலா என்றுகூட நீங்கள் எழுதவில்லை. எக்ஸ்சேஞ்ச் என்றால் கணக்கு எண்ணும் கேஒய்சியுமாவது இருக்கும். 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடுபோனபோது, தன் காயின்கள் முடங்கிப்போன ஒருவர் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார். கிரிப்டோ ஒரு சொத்துதான் என்று 2025 அக்டோபரில் நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட அவர் இருந்தார், கணக்கு அவர் பெயரில் இருந்தது.

சொந்த வாலட் என்றால் அந்தச் சாவி முழுதும் பன்னிரண்டு அல்லது இருபத்துநாலு ஆங்கில வார்த்தைகளில் அடங்கிவிடும். அதற்கு நாமினி கிடையாது. மறந்துவிட்டது என்று போய் நிற்க ஒரு கவுண்டரும் கிடையாது. 2018 டிசம்பரில் குவாட்ரிகா என்ற கனடா எக்ஸ்சேஞ்சின் நிறுவனர் நம் ஜெய்ப்பூரில் இறந்துபோனார். கடவுச்சொற்கள் அவர் ஒருவருக்கே தெரியும், எடுக்க வழியில்லை என்றது நிறுவனம். வாடிக்கையாளர் பணத்தில் பெரும்பகுதியை அவரே தொலைத்திருந்தார் என்பது பிறகு விசாரணையில் வெளியானது. ஆனால் முதலில் அந்தக் கதையை உலகம் நம்பியது பாருங்கள். இந்தத் தொழிலில் அது நடக்கக்கூடியது என்று எல்லோருக்கும் தெரியும்.

வங்கியில் பெயர், விலாசம் எல்லாம் இருந்தும், கேட்பாரில்லாமல் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்ச் சேர்ந்த டெபாசிட்டுகள் 2024 மார்ச்சில் 78,000 கோடி ரூபாயைத் தாண்டின. தேடுவதற்கு உத்கம் என்று ஒரு தளமே வைத்திருக்கிறார்கள். நண்பரின் ஒரு கணக்கை அதில்தான் கண்டுபிடித்தோம். பிட்காயினுக்கு அப்படி ஒரு தளம் வரப்போவதில்லை, கே.

பயப்படுவார்கள் என்று சொல்லாமல் இருப்பதை நீங்கள் அன்பு என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது கோழைத்தனமாகப் படுகிறது. வேண்டாம் என்று உங்கள் மனைவி சொல்லிவிட்டால் விற்கவேண்டி வருமே என்ற பயம்தான் உங்களுக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள், என் தம்பியாக இருந்தால் இதைவிடக் கடுமையாகச் சொல்லியிருப்பேன்.

இன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கியபிறகு எவ்வளவு போட்டீர்கள், எங்கே இருக்கிறது, எப்படி எடுப்பது என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். வாலட்டின் அந்த ஆங்கில வார்த்தைகளைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவிடாதீர்கள், பேனாவால் எழுதுங்கள். அப்புறம் எத்தனை சதவீதம் என்று அவரையே கேளுங்கள். கூட்டுறவு சங்கத்தில் கணக்கராக இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, கடிதத்தைச் சுருக்கும்போது அதை நான் வெட்டிவிட்டேன். அவர் என்ன எண் சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.