நொண்டல் நின்றால் தசை ஆறிவிட்டதா?

கேள்வி: எங்கள் கிரேஹவுண்ட் பெட்டை நாய்க்கு மூன்று வயது. ஐந்து நாள்களுக்கு முன் பந்தயத்தில் வளைவு திரும்பும்போது வேகம் குறைந்து, வலது பின்னங்காலைத் தூக்கியபடி வந்தது. உள்தொடை வீங்கியிருந்தது. அன்றிரவே எண்ணெய் தேய்த்து நன்றாக நீவி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தோம். இப்போது நொண்டவில்லை. ஆனால் தொடையிலிருந்து கணுக்கால் வரை தோல் கருநீலமாக இருக்கிறது. அடுத்த வாரம் ஓடவிடலாமா?

பதில்: வேண்டாம். தயவுசெய்து ஓடவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் உள்தொடையில் இருக்கும் கிராசிலிஸ் தசை கிழிந்திருப்பதையே காட்டுகின்றன. இடப்புறமாகச் சுற்றும் ஓடுதளங்களில் இந்தத் தசை வலது காலில்தான் அதிகம் கிழிகிறது. மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் பாயும் உடலை வளைவில் உந்தித் தள்ளும் வேலையில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

நொண்டல் நின்றதை நம்பாதீர்கள். நடப்பதற்கு இந்தத் தசை அவ்வளவாகத் தேவையில்லை. தசை கிழிந்த நாயும் சில நாள்களில் இயல்பாக நடக்கும். முழு வேகத்தில் பாயும்போதுதான் குறை தெரியும். அப்போது பாதி கிழிந்த தசை முழுவதுமாக அறுந்துபோகலாம்.

நாயை நேராக நிற்கவைத்து, பின்னால் அமர்ந்து, இரு கைகளாலும் இரண்டு உள்தொடைகளையும் ஒரே நேரத்தில் மெதுவாகத் தடவிப் பாருங்கள். இடப்பக்கத் தசை முறுக்கிய கயிறு போலத் திரண்டிருக்கும். வலப்பக்கத்தில் விரல் உள்ளே அமிழ்ந்தாலோ, பிசைந்த மாவு போலக் கொழகொழத்தாலோ, அங்கே தசை இல்லை, ரத்தக்கட்டுதான் இருக்கிறது. தோலில் தெரியும் கருநீலம் அந்த ரத்தம் கீழே இறங்கிய தடம்.

முதல் இரண்டு நாள்கள் நீவுவதும் சூடு வைப்பதும் கூடவே கூடாது. இரண்டுமே ரத்தக்கசிவைக் கூட்டும். அக்கறையால் செய்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அன்று அதற்குத் தேவைப்பட்டது துணியில் சுற்றிய ஐஸ்தான். ஒரு முறைக்குப் பதினைந்து நிமிடம், சில மணி நேரத்துக்கு ஒரு முறை. கிரேஹவுண்டின் தோல் மிக மெல்லியது, ஐஸை நேரடியாக வைக்கக் கூடாது.

இன்றே கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தசை அறுந்திருந்தால் தைக்க வேண்டியிருக்கும்; நாள் கடந்தால் தசை முனைகள் சுருங்கி, தையல் நிற்காது. அப்படியே விட்டால் அந்த இடம் நார்போல இறுகிவிடும், பழைய வேகம் திரும்பாது. சிறு கிழிசலானால் ஓய்வே முதல் மருந்து: சில வாரங்கள் கயிற்றில் பிடித்து நடை, பிறகு மெல்ல நேர்கோட்டு ஓட்டம், வளைவு கடைசியில். தைத்த நாய்க்கு இரண்டு, மூன்று மாதங்கள் பிடிக்கும். அல்ட்ராசவுண்டில் தசை ஆறிய விதத்தைப் பார்த்து, மீண்டும் ஓடவிடும் நாளைக் குறிப்பதே சரி.

வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். இபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருத்துவர் தரும் மருந்தும் வலியைத்தான் மறைக்கும், கிழிசலை ஒட்டவைக்காது. அது உடலில் தங்கி, பந்தயத்தில் நடத்தும் ஊக்கமருந்துச் சோதனையிலும் தெரியலாம்.

இன்னொன்று. எந்தப் பந்தயத்துக்குப் பிறகாவது முதுகுத் தசைகள் இறுகி, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால், காலை வரை காத்திருக்காதீர்கள். அது தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை. அந்த இரவே ரத்தக்குழாய் வழியாகத் திரவம் ஏற்ற வேண்டும்.