பட்டறைத் தராசில் சோறு

மேடம்,

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறோம். கணவருக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. ஒரே மகள், பிளஸ் டூ. எட்டு மாதமாக அவளோடு மல்லுக்கட்டி ஓய்ந்துவிட்டேன். காலை நாலரைக்கு எழுந்து டிபன் கட்டுகிறேன். சாயங்காலம் டப்பா அப்படியே திரும்பி வருகிறது. தோசையை நியூஸ் பேப்பரில் ஒற்றி எண்ணெயை எடுக்கிறாள். அப்பாவின் பட்டறைத் தராசை மாடிக்குக் கொண்டுபோய்ச் சோற்றை நிறுக்கிறாள். 60 கிராம், அதற்கு மேல் ஒரு பருக்கை கிடையாது. தட்டுவடை செட் என்றால் உயிரை விடுவாள். இப்போது வண்டிக்காரர் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘கொழுகொழுன்னு இருந்த புள்ளைய இப்படி ஆக்கிட்டியே’ என்று மாமியார் என்னைத்தான் குத்துகிறார். நாலரைக்கு எழுந்து நான் சாவது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை, கேட்டால் பரீட்சை டென்ஷன் என்கிறாள். அவள் அப்பா ஒரு வார்த்தை அதட்டமாட்டார், எதையுமே பேசமாட்டார். அவர்மேல் கோபம் வந்தால் நானும் இரண்டு நாள் சோற்றைத் தொடாமல் கிடப்பேன், அப்போதுதான் இறங்கி வருவார். அது வேறு விஷயம். நாலரைக்கு எழுந்து செய்வதற்காவது ஒரு மரியாதை வேண்டாமா? அடித்தாவது சாப்பிட வைக்கலாமா?

– ஒரு தாய், சேலம்

சகோதரி,

டப்பா, எண்ணெய், மாமியார் எல்லாம் இருக்கட்டும். ‘அது வேறு விஷயம்’ என்று ஒரு வரியை ஓரமாகத் தள்ளியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் விஷயம். பேசித் தீராதது பட்டினி கிடந்தால் தீரும் என்பதை உங்கள் மகள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நீங்கள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதையும், இரண்டாம் நாள் ராத்திரி அப்பா தட்டோடு வந்து நிற்பதையும் பார்த்தே வளர்ந்திருக்கிறாள்.

இதைக் கேட்டு, நோயைக் கொடுத்ததே நான்தானா என்று உடைந்துவிடாதீர்கள். இது பெரும்பாலும் அனோரெக்ஸியா என்கிற உணவுக்கோளாறாக இருக்கும். பரம்பரைக் கூறு, எதிலும் பிசகாமல் இருக்க நினைக்கும் குணம், உடம்பு வற்ற வற்ற மூளை அதிலேயே சிக்கிக்கொள்வது என்று பலதும் சேர்ந்து வருவது. இப்படிப்பட்ட வீடுகளில் சண்டை வெளிப்படையாக வந்து முடிவதே இல்லை என்று குடும்பச் சிகிச்சை நிபுணர் சால்வடார் மினுச்சின் 1978-ல் எழுதினார். அதை வைத்துக் குடும்பத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்களும் உண்டு. குடும்பம்தான் மூலகாரணம் என்பதை உணவுக்கோளாறு நிபுணர்களின் சர்வதேச அமைப்பு 2010-ல் வெளிப்படையாக மறுத்தது. எனக்கும் அதே கருத்துதான். ஆனால் வந்த நோய் வீட்டில் ஏற்கெனவே புழங்கும் பாஷையைப் பிடித்துக்கொள்ளும்.

நாலரை மணியை மூன்று முறை எழுதிவிட்டீர்கள். மகளுக்கு என்ன பயம், யார் என்ன சொன்னார்கள், கண்ணாடியில் எதைப் பார்க்கிறாள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. டப்பா திரும்பி வந்தால் உங்களையே திருப்பி அனுப்பியதாகத் துடிக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த இடத்தில் நான் அவள் பக்கம்.

அடிக்கக் கூடாது. அதற்காக அவள் இஷ்டம் என்று விட்டுவிடவும் கூடாது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான சிகிச்சையில் பெற்றோரேதான் அளவு தீர்மானித்து, பக்கத்தில் உட்கார்ந்து, குத்திக்காட்டாமல் சாப்பிட வைப்பார்கள். அதற்கு அப்பாவும் வாயைத் திறந்தாக வேண்டும்.

மாதவிலக்கு நின்றதைப் பரீட்சைமேல் போடாதீர்கள். எரிபொருள் இல்லாமல் உடம்பு நிறுத்திவைத்திருக்கலாம். இந்த வாரமே சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். நாடித்துடிப்பு, ஈசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கட்டும், மனநல மருத்துவரும் பார்க்கட்டும். சாப்பாட்டை எவ்வளவு, எந்த வேகத்தில் கூட்டுவது என்பதை அவர்கள் சொல்லட்டும்; வற்றிய உடம்பில் திடீரென்று திணிப்பதும் ஆபத்து. மயக்கம் வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். 14416-ல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

தராசு பட்டறைக்குப் போகட்டும். அடுத்த முறை அவரோடு சண்டை வந்தால், ‘உங்கமேல கோபமா இருக்கேன்’ என்று மகள் காதுபடவே சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.