வளர்ச்சி ஆதரவாளர் என்றால் யார்?

கேள்வி: சில தலைவர்களை ‘வளர்ச்சி ஆதரவாளர்’ என்று எழுதுகிறார்களே, அதற்கு என்ன பொருள்? மற்றவர்கள் எல்லாம் வளர்ச்சிக்கு எதிரிகளா?

பதில்: வளர்ச்சி வேண்டாம் என்று சொல்லி ஓட்டுக் கேட்டவரை நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தப் பட்டம், பெற்றவரைப் புகழ்வதைவிட அவரோடு மோதுபவரைக் குத்தவே அதிகம் பயன்படுகிறது. அணைக்காக ஊரைக் காலி செய்ய மறுப்பவர் ‘வளர்ச்சியின் எதிரி’ ஆகிவிடுவது இப்படித்தான்.

தொழில், சாலை, மின்சாரம், ஏற்றுமதி இவற்றுக்கே முதலிடம், மற்றதெல்லாம் அப்புறம் என்று நினைப்பவரை இப்படி அழைக்கிறார்கள். ஆனால் வரியைக் குறைத்து முதலாளிக்கு வழிவிடு என்பவருக்கும் இதே பெயர். அரசே இறங்கி நடத்தட்டும் என்பவருக்கும் இதே பெயர். இருவரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் சண்டைதான் வரும்.

அரசே இறங்கிய கதைகளில் பிரேசில் சுவாரசியமானது. 1956-இல் அதிபரான ஜுசெலினோ குபிச்செக் ‘ஐம்பது ஆண்டு முன்னேற்றம் ஐந்தே ஆண்டில்’ என்றார். கார் ஆலைகள் வந்தன, நெடுஞ்சாலைகள் நீண்டன, உள்நாட்டுப் பொட்டல்வெளியில் பிரசிலியா எழும்பி 1960 ஏப்ரலில் தலைநகரமானது. கூடவே விலைவாசியும் வெளிக்கடனும் ஏறின. தென்கொரியா 1962-இல் தன் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது அந்நாட்டை ஆண்ட பார்க் சுங் ஹீயின் அரசு, வங்கிகளைக் கைக்குள் வைத்துக்கொண்டு, ஏற்றுமதி செய்துகாட்டும் நிறுவனங்களுக்கு மலிவுக் கடன் கொடுத்தது. சலுகைக்குக் கணக்குக் கேட்டார்கள் என்பதுதான் அங்கே விசேஷம். தொழிற்சங்கங்களை நசுக்கியதும் அதே அரசுதான். வளர்ச்சியைப் பாராட்டும் பலர் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

சரி, வருமானம் பெருகினால் மக்கள் நலமும் பெருகிவிட்டதாக வைத்துக்கொள்ளலாமா? தேசிய வருமானக் கணக்குக்கு வழிவகுத்த சைமன் குஸ்நெட்ஸே, அந்த எண்ணை வைத்து ஒரு நாட்டின் நலனை அளந்துவிட முடியாது என்று 1934-இல் அமெரிக்கக் காங்கிரசுக்கான அறிக்கையில் எழுதிவிட்டார்.

எனக்கு வரும் கட்டுரைகளில் ‘வளர்ச்சி ஆதரவாளர்’ என்று கண்டால், ‘எதற்கு ஆதரவு, செலவு யார் தலையில்?’ என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புவேன். ‘புதிய ஆலைகளுக்கு வரிவிலக்குக் கேட்பவர்’ என்று திருத்தி வந்தால் அச்சுக்குப் போகும். சிலர் கோபித்துக்கொண்டு வேறு பத்திரிகைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.