முட்டியும் பணமும்: இந்த வாரக் கேள்வி-பதில்

அம்மாவின் முட்டி ஆப்பரேஷனைப் பற்றிப் போன மாதம் இந்தப் பக்கத்தில் இரண்டு வரி எழுதினேன். மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் வலிக்காத முட்டியே கிடையாது போலிருக்கிறது. மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கி ரப்பர் பால் வெட்டியவர்கள், செம்பனைக்கு அடியில் குந்தி உதிரிப்பழம் பொறுக்கியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். கடிதங்களைச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் கீழே என் பதிலை வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு 66 வயது, முப்பது வருஷம் பால் மரம் வெட்டியவர். தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு முட்டிக்கு 32,000 வெள்ளி (ரிங்கிட்) 'பேக்கேஜ்' என்கிறார்கள். கட்டிவிடலாமா அக்கா?

பேக்கேஜுக்குள் என்ன இல்லை என்று கேட்டுவிட்டு அப்புறம் கட்டுங்கள். ஆப்பரேஷனுக்கு முன் எடுக்கும் இரத்தப் பரிசோதனையும் இருதயப் பரிசோதனையும் சேர்த்தியா? வார்டில் எத்தனை நாள்? ஒரு நாள் கூடினால் எவ்வளவு? வீட்டுக்கு வந்தபிறகு பிசியோ உண்டா, உண்டென்றால் எத்தனை தடவை? பதிலை எழுத்தில் வாங்குங்கள். மதிப்பீட்டை முன்கூட்டியே கேட்கவும், பில்லை வரிவரியாகப் பிரித்துத் தரச்சொல்லவும் நோயாளிக்கு உரிமை உண்டு. டாக்டர் கட்டணத்துக்கு 13-வது அட்டவணை என்று அரசு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. மருந்து, வார்டு, தியேட்டர், உள்ளே வைக்கும் செயற்கை மூட்டு ஆகியவற்றுக்கு அது பொருந்தாது. பில் வீங்குவது அங்கேதான்.

அதற்கு முன், அரசாங்க வழியைப் பார்த்தீர்களா? கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் எலும்பு நிபுணரைப் பார்க்கலாம். நிபுணருக்கு 5 வெள்ளி, மூன்றாம் வகுப்பு வார்டுக்கு ஒரு நாளைக்கு 3 வெள்ளி. செயற்கை மூட்டின் விலை தனி, அது ஆயிரக்கணக்கில் வரும் என்றதும் பலர் பயந்துபோய்த் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள். மருத்துவமனைக்குள்ளேயே சமூகநலப் பிரிவு இருக்கிறது, போய் உட்காருங்கள். வருமானம் குறைந்த, 40 வயது தாண்டியவர்களுக்குப் பெக்கா பி40 என்ற அரசுத் திட்டத்தில் மருத்துவச் சாதனத்துக்கென வாழ்நாளில் 20,000 வெள்ளி வரை இடம் உண்டு. உங்கள் அம்மா தகுதியா என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள்.

மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், உண்மைதான். அந்த மாதங்களில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரட்டும், சொத்தைப் பல் இருந்தால் பிடுங்கிவிடட்டும். சர்க்கரை ஏறிய உடம்பில் கிருமி சுலபமாகப் புகும். புது மூட்டில் கிருமி புகுந்துவிட்டால் அது பெரிய வேதனை.

எக்ஸ்ரேயில் நன்றாகத் தேய்ந்திருக்கிறதாம். ஆனால் எனக்கு அவ்வளவாக வலி இல்லை. செய்துகொள்ளவா?

வேண்டாம்.

டிசம்பரில் ஆப்பரேஷன். தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏற முடியுமா?

272 படி. இந்த வருஷம் கீழேயே நின்று கும்பிடுங்கள், முருகன் கோவித்துக்கொள்ள மாட்டார். அடுத்த வருஷம் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆப்பரேஷன் செய்த கால் முதலில்.

அப்பாவுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். எத்தனை நாளில் பழையபடி ஆவார்?

நாள்கணக்கில் கேட்கிறீர்களே. மாதக்கணக்கில் கேளுங்கள்.

அன்றைக்கோ மறுநாளோ வாக்கரைப் பிடிக்கவைத்து எழுப்பி நடக்க வைப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு 'நடந்துவிட்டார், இனி என்ன' என்று உறவுக்காரர்கள் பழக்கூடையோடு வந்து கொண்டாடுவார்கள். கஷ்டம் அப்புறம்தான் வரும். வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வர மூன்றிலிருந்து ஆறு வாரம். கார் ஓட்ட ஆறு வாரம் போல, மோட்டாருக்கு டாக்டர் சொன்ன பிறகு. வீக்கமும் சூடும் மாதக்கணக்கில் இருக்கும். முழுதாகத் தேற ஒரு வருஷம் ஆகலாம். இதில் முதல் மூன்று மாதம்தான் முக்கியம். அதற்குள் மடக்கி நீட்டிப் பழகாத முட்டி இறுகிவிடும், பிறகு மயக்கம் கொடுத்து மடக்க வேண்டியிருக்கும்.

என் அம்மா இரண்டாம் நாளே முட்டிக்கு அடியில் தலையணையைச் செருகிக்கொண்டார். சுகமாக இருந்ததாம். மிஸ்ஸி (நர்ஸ்) வந்து ஒரே இழுப்பில் உருவிப்போட்டார்: "மடங்கியே இறுகிப்போகும்மா." வீட்டுக்கு வந்தபின் பாதத்துக்கு அடியில் கடைப் பிளாஸ்டிக் பையைப் போட்டு, சிமெண்டுத் தரையில் குதிகாலை உள்ளே இழுத்து, வெளியே தள்ளுவார். சர், சர் என்று சத்தம் வரும். ஒரு வேளைக்கு இருபது, நாளைக்கு மூன்று வேளை. பதினைந்தாவதில் என்னைத் திட்டத் தொடங்குவார். ஆஸ்பத்திரிக்குக் கட்டியது பாதி விலைதான், மீதியை அம்மா அந்தத் தரையில் கட்டினார். உங்கள் அப்பா அதற்குத் தயாரா என்று இப்போதே கேளுங்கள். தரையில் சப்பணமிட்டு உட்காருவதும் குந்துவதும் இனி இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கே வந்து ஒருவர் காந்த முட்டிப் பட்டை விற்றார். 2,800 வெள்ளி. கையெழுத்துப் போட்டு ஆறு நாள் ஆகிறது. பிள்ளைகள் திட்டுகிறார்கள். ஆனால் வலி குறைந்த மாதிரியும் இருக்கிறது.

பிள்ளைகள் திட்ட வேண்டியது உங்களை அல்ல. இந்தக் கும்பலை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். தோட்டத்தில் யாருக்கு இபிஎப் (சேமநிதி) பணம் வந்தது, எந்தத் தோட்டத்தை விற்று ஆட்களுக்கு இழப்பீடு கொடுத்தார்கள் என்பதெல்லாம் மண்டோருக்கு (தோட்டக் கங்காணிக்கு) முன்னால் இவர்களுக்குத் தெரிந்துவிடும். 'அம்மா' என்று கூப்பிட்டு, காலைத் தொட்டு, இரத்த அழுத்தம் பார்த்து, இலவசமாக ஒரு குடை கொடுத்துவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பார்கள்.

வலி குறைந்ததாகச் சொல்கிறீர்கள். குறைந்திருக்கும். தேய்ந்த முட்டியின் வலி ஒரே அளவில் நிற்பதில்லை, ஏறும், இறங்கும். நாம் பர்ஸைத் திறப்பது எப்போது? இரவெல்லாம் தூங்க முடியாமல் வலி உச்சத்தில் நிற்கும்போது. உச்சத்துக்குப் போனது தானாக இறங்கத்தான் செய்யும். அந்த வாரம் கையில் எது இருக்கிறதோ, பட்டையோ எண்ணெயோ மந்திரித்த கயிறோ, அதற்குப் பெயர் போய்விடுகிறது. அடுத்த வீட்டுக்காரரிடம் நாமே சாட்சி சொல்கிறோம், அவரும் வாங்குகிறார். விற்பவன் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, நம் முட்டியே அவனுக்கு ஏஜெண்டு வேலை பார்க்கிறது. தேய்ந்த குருத்தெலும்பைக் காந்தம் வளர்க்காது.

எனக்கு எப்படித் தெரியும்? என் வீட்டில் ஒரு காந்த மெத்தை இருக்கிறது. தவணையில் வாங்கினேன், மூன்று வருஷம் கட்டினேன். இப்போது அதில் நாய் படுத்துத் தூங்குகிறது. நாய்க்கு முட்டி வலி இல்லை என்பது உண்மைதான்.

சரி, காரியத்துக்கு வருவோம். வீடு தேடி வந்து விற்ற பொருளை 10 வேலை நாளுக்குள் வேண்டாமென்று சொல்ல நேரடி விற்பனைச் சட்டம் இடம் கொடுக்கிறது. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றைக்கே கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதையும் நகலையும் பத்திரப்படுத்துங்கள். வாட்சப்பில் மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். பணம் வரவில்லையா, பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுவுக்கு 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. வராவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள், மனுவை நானே நிரப்பித் தருகிறேன்.

மசாஜ் நாற்காலி வாங்கினேன், 36 மாதத் தவணை. முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒப்பந்தத்தை நான் படிக்கவில்லை.

நானும் படிக்கவில்லை. கட்டுங்கள்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ஒரு ஜாமு (மூலிகை) மாத்திரை. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது. நான்கு மாதமாகச் சாப்பிடுகிறேன். முகம் மட்டும் உப்பிவிட்டது.

இதில் எனக்கு விளையாட்டு வரவில்லை. இரண்டு நாளில் வலியைப் பறக்கவிடும் 'மூலிகை'யில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். நிலா மாதிரி உப்பிய முகம் அதற்கு அடையாளம். சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். ஆனால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், அதுவும் ஆபத்து. பொட்டலத்தோடு நாளைக்கே டாக்டரிடம் போங்கள். பதிவுபெற்ற மருந்தில் 'மால்' (MAL) என்று தொடங்கும் எண் இருக்கும், பாரம்பரிய மருந்தென்றால் எண் 'டி' (T) எழுத்தில் முடியும். எண்ணைப் போலியாகவும் அச்சடிக்கிறார்கள், மருந்தகத்தில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ஆப்பரேஷன் முடிந்து நான்கு மாதம். தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துக் கிடக்கிறது, நடந்தால் 'டிக் டிக்' என்கிறது. ஏமாற்றப்பட்டேனா? தீர்ப்பாயத்துக்குப் போகவா?

ஏமாற்றப்படவில்லை. வெட்டும்போது தோலின் சின்ன நரம்புகள் அறுபடும், அதனால் அந்த இடம் மரத்துப்போவது சகஜம். சத்தம், உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்வது. அதுவும் சகஜம். மருத்துவச் சேவை பற்றிய புகாரைத் தீர்ப்பாயம் எடுக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் கெண்டைக்கால் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், காய்ச்சலோடு புண்ணில் நீர் கசிந்தால் யாருக்கும் எழுதிக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ரோபோ வைத்துச் செய்தால் கூடுதல் பணம் கேட்கிறார்கள். நீண்ட நாள் உழைக்குமா?

சாதாரண முறையில் வைத்ததே ஐந்தில் நான்குக்கு மேல் 25 வருஷம் தாங்குகிறது. ரோபோ மூட்டைத் துல்லியமாகப் பொருத்த உதவும். அதனால் கூடுதல் வருஷம் உழைக்கும் என்று இன்னும் உறுதியாகவில்லை. அந்தப் பணத்தைப் பிசியோவுக்கு வையுங்கள்.

லயத்து வீடு, குந்து கழிவறை. ஆப்பரேஷனுக்கு முன் என்னென்ன வாங்கி வைக்க?

குந்து கழிவறைமேல் வைக்கும் நாற்காலி ஒன்று, அவசியம். கைகளை ஊன்றி எழ, கைப்பிடி வைத்த உயரமான நாற்காலி ஒன்று. பின்கட்டில் பாசி பிடித்திருந்தால் தேய்த்துக் கழுவுங்கள், அதற்குக் காசு வேண்டாம். வாக்கரை மட்டும் முன்கூட்டி வாங்காதீர்கள். பிசியோக்காரர் அளந்து சொல்லட்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டுக்கு நேரே வர வேண்டும். நான் முந்திக்கொண்டு, பார்க்க அழகாக இருக்கிறதே என்று நான்கு சக்கரம் வைத்ததை வாங்கினேன். வாசல் சரிவில் அது முன்னால் ஓடியது, அம்மா பின்னால் ஓடினார். நல்லவேளை, துணிக்கம்பி இருந்தது.

பழைய வாக்கர் வாங்கலாமா?

தாராளமாக. நான்கு கால் ரப்பரும் தேயாமல் இருக்கிறதா, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் 'டக்'கென்று மாட்டுகிறதா என்று பாருங்கள். ரப்பர் தேய்ந்திருந்தால் புதிதாக மாட்டிக்கொள்ளலாம். சக்கரம் வைத்தது ஒன்று என்னிடம் இருக்கிறது. விலை கேட்டு எழுதாதீர்கள், தர மாட்டேன்.