ஏரி நீச்சலும் கூடார வாசமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. நீச்சல் குளத்தில் ஒரு கிலோமீட்டர் தூரத்தை நிற்காமல் நீந்துவாள். ஏரியில் நடக்கும் 750 மீட்டர் சிறுவர் நீச்சல் போட்டி ஒன்றில் முதன்முறையாகக் கலந்துகொள்ளப் போகிறாள். போட்டி ஞாயிறு காலையில். வெள்ளி மாலையே குடும்பத்தோடு சென்று, ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கலாம் என்றிருக்கிறோம். தூரம் அவளுக்குப் பழகியதுதான். வேறு எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

பதில்: தூரத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படாதது சரியே. ஆயினும் நீச்சல் குளத்துக் கிலோமீட்டரும் ஏரியின் 750 மீட்டரும் ஒரே கணக்கில் வருபவை அல்ல. 25 மீட்டர் நீளமுள்ள குளத்தில் ஒரு கிலோமீட்டர் நீந்துகிறவள் 39 முறை சுவரை உதைத்துத் திரும்புகிறாள். ஒவ்வோர் உதைப்பிலும் சில மீட்டர் தூரம் கை வீசாமலேயே கிடைத்துவிடுகிறது. ஏரியில் உதைக்கச் சுவர் இல்லை. அடியில் வழிகாட்டும் கறுப்புக் கோடும் இல்லை. கோடு இல்லாத நீரில், நேராகத்தான் போகிறோம் என்று நம்பிக்கொண்டே ஒரு பக்கமாக ஒதுங்கிப் போவது பெரியவர்களுக்கும் நடக்கிறது. ஆறு முதல் பத்து கைவீச்சுக்கு ஒருமுறை, கண்கள் மட்டும் நீருக்கு மேலே வரும் அளவுக்குத் தலையை உயர்த்தி, போட்டிப் பாதையைக் காட்டும் மிதவையைப் பார்த்துவிட்டு, அப்படியே பக்கவாட்டில் திரும்பி மூச்செடுக்கும் பழக்கத்தை இப்போதே நீச்சல் குளத்தில் தொடங்கிவிடுங்கள். தலையை முழுவதுமாகத் தூக்கினால் இடுப்பும் கால்களும் தாழ்ந்து வேகம் குறைந்துவிடும்.

சனிக்கிழமையன்று, போட்டி தொடங்கும் அதே நேரத்தில், தொடங்கும் இடத்தில் அவளோடு போய் நில்லுங்கள். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது, எந்த மிதவையை நோக்கி நீந்தும்போது கண் கூசும் என்பது அப்போது தெரிந்துவிடும்; அதைப் பொறுத்து நிறமிட்ட நீச்சல் கண்ணாடியா, நிறமற்றதா என்று முடிவு செய்யலாம். சிற்றலை எழுந்தாலே நீர்மட்டத்திலிருந்து பார்ப்பவருக்கு மிதவை மறைந்துவிடும் என்பதால், ஒவ்வொரு மிதவைக்கும் பின்னால் கரையில் உயர்ந்து நிற்கும் ஒரு மரத்தையோ கோபுரத்தையோ அவளே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும்.

தூக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். போட்டிக்கு முந்தைய இரவில் பதற்றத்தால் தூக்கம் குறைவது இயல்பு. ஆகவே வெள்ளி இரவுத் தூக்கத்தைத்தான் நீங்கள் காப்பாற்ற வேண்டும். கூடாரத்தில் உடம்புச் சூட்டைப் பறிப்பதில் காற்றைவிடத் தரைக்கே பங்கு அதிகம். மேலே இரண்டு போர்வை போட்டுவிட்டுக் கீழே மெல்லிய விரிப்போடு விட்டுவிடுகிறவர்கள் விடியும்வரை நடுங்குவார்கள். அடியில் தடித்த பாய் விரியுங்கள். குளிருக்காக அடுப்பையோ கரிக்கணப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுவர வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமோ நிறமோ கிடையாது.

கேள்வி: ஏரி நீர் 18 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் என்று அமைப்பாளர்கள் சொல்கிறார்கள். உடம்புச் சூட்டைக் காக்கும் வெட்சூட் என்ற ரப்பர் நீச்சல் உடை தேவையா?

பதில்: அமைப்பாளர்கள் அனுமதித்தால் அணிவியுங்கள். தேர்ந்த வீரர்களுக்காக உலக நீச்சல் கூட்டமைப்பான வேர்ல்ட் அக்வாடிக்ஸ் வகுத்த விதிகளே 16 டிகிரிக்குக் கீழே திறந்தவெளி நீச்சல் போட்டியை அனுமதிப்பதில்லை. 18 டிகிரிக்குக் கீழே வெட்சூட்டைக் கட்டாயமாக்கி, 18 முதல் 20 டிகிரி வரை அவரவர் விருப்பத்துக்கு விடுகின்றன. நீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகக் கடத்துகிறது. எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பு அதிகம் என்பதால் அவள் உங்களைவிட விரைவில் குளிர்ந்துபோவாள். புது வெட்சூட்டைப் போட்டியன்றுதான் முதன்முதலாக அணிவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பாதத்தின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். பிடரியில் வாசலின் தடவாவிட்டால் திரும்பித் திரும்பி மூச்செடுப்பதில் கழுத்து உராய்ந்து சிவந்துவிடும்.

குளிர்ந்த நீரில் இறங்கியதும் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும், நெஞ்சு படபடக்கும். ஓரிரு நிமிடங்களில் இது அடங்கிவிடும். இது பயம் அல்ல, உடம்பின் அனிச்சைச் செயல் என்பதை அவளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். சனிக்கிழமையன்று, நீந்த அனுமதியும் காவலும் உள்ள பகுதியில், நீங்களும் உடன் இறங்கி, முகத்தில் நீரை அள்ளித் தெளித்து, மூச்சை நீட்டி வெளிவிட்டு, அது அடங்கும்வரை காத்திருந்து பத்து நிமிடம் நீந்திப் பாருங்கள். அந்த அனுபவம் ஒருமுறை கிடைத்துவிட்டால் ஞாயிறன்று பாதிச் சிரமம் இல்லை.

கரையேறிய பின்பும் உடம்பின் உட்சூடு சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். புகைப்படம் எடுக்க ஈர உடையோடு நிறுத்திவைக்காதீர்கள். உடனே துடைத்து, மேலுடம்பிலிருந்து தொடங்கி உலர்ந்த உடைகளை அணிவித்து, தலைக்குக் கம்பளித் தொப்பி போட்டு, சூடாகக் குடிக்கக் கொடுங்கள். நடுங்கும் விரல்களுக்குப் பொத்தான் பிடிபடாது. தளர்வான, தலைவழியே மாட்டும் உடைகளே நல்லவை. கொதிக்கும் வெந்நீர்க் குளியல் அப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஐந்து வயது மகனும் உடன் வருகிறான். அவனுக்குப் பொழுது போக என்ன செய்யலாம்?

பதில்: பொழுதுபோக்கைவிடப் பெரிய கேள்வி ஒன்று இதற்குள் இருக்கிறது. இந்த வார இறுதியில் உங்கள் மகள் மிகவும் பாதுகாப்பாக இருக்கப்போகும் நேரம் போட்டி நேரம்தான்: பளிச்சிடும் நிறத் தொப்பி, கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் தொடரும் காவலர்கள், நீரில் இறங்கியவர்களையும் ஏறியவர்களையும் எண்ணிச் சரிபார்ப்பவர்கள் என்று ஏற்பாடுகள் இருக்கும். கூடாரத்துக்கும் நீருக்கும் இடையே ஓடித் திரியும் சிறுவனுக்கு இவற்றில் எதுவுமே இல்லை. எல்லோருடைய கண்ணும் போட்டியின்மேல் இருக்கும் அந்த அரைமணி நேரம்தான் அவனுக்கு ஆபத்தானது.

நீரில் மூழ்குகிற குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, கையசைப்பதும் இல்லை. மூச்சுக்கே போராடும்போது குரல் எழும்பாது. ஒரு நிமிடத்துக்குள்ளாகவே முடிந்துவிடக்கூடியது அது. ‘எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்ற ஏற்பாட்டில் ஒருவருமே பார்க்காமல் போவதுதான் வழக்கம். பெரியவர்களில் ஒருவர், கையில் கைபேசி இல்லாமல், அவனை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். போட்டி நேரத்தில் அந்தப் பொறுப்பு உங்களுடையதா, உங்கள் கணவருடையதா என்பதை முந்தின இரவே முடிவு செய்துகொள்ளுங்கள்; ஒருவர் மகளின் நீச்சலைப் பார்க்க முடியாமல் போகலாம் என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அவன் எடைக்கேற்ற உயிர்காப்பு மேலங்கி ஒன்று எடுத்துச் செல்லுங்கள். காற்றடைத்த பொம்மை மிதவைகள் அதற்கு ஈடாகா. கூடாரத்தை நீர்விளிம்பிலிருந்து தள்ளியே அடியுங்கள். கொசுவும் ஈரமும்கூடக் குறையும்.

கேள்வி: பாதி வழியில் முடியாமல் போனால் அவள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மல்லாந்து மிதந்தபடி ஒரு கையை உயர்த்த வேண்டும், கயாக் வந்துவிடும். முன்னேறிச் செல்லாமல் அதைப் பிடித்துச் சற்று ஓய்வெடுப்பதைப் பல போட்டிகள் அனுமதிக்கின்றன. போட்டிக்கு முன் நடக்கும் விளக்கக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை அவளையே கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: போட்டி ரத்தாகிவிட்டால்?

பதில்: இடி மின்னல், கனமழைக்குப் பின் கலங்கி வரும் நீர், பச்சை வண்ணத்தைக் கொட்டியதுபோல் படரும் நச்சுப் பாசி ஆகியவை ரத்துக்கான வழக்கமான காரணங்கள். மகள் அழுகிறாள் என்பதற்காக நீங்களாகவே அவளை நீரில் இறக்காதீர்கள். போட்டிக்கு ஆகாத நீர் அவள் தனியாக நீந்துவதற்கும் ஆகாது. அவளைக் காட்டில் நடக்க அழைத்துப் போங்கள், அழுகை மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும்.