குடி, போதை, ஆஸ்பத்திரி: வந்த கேள்விகளும் என் பதில்களும்

அரசு ஆஸ்பத்திரியில் பொது மருத்துவ வார்டிலும் அப்புறம் போதை மீட்புப் பிரிவிலும் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கேள்வி அனுப்பியவர்களின் ஊர், பேர் எதையும் போடவில்லை. மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அதை உங்களைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சிஸ்டர், வீட்டுக்காரர் பைக்கிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாவது நாள் ராத்திரி, சுவரெல்லாம் பூச்சி ஓடுது, என்னைப் பிடிக்க வர்றாங்க என்று கத்தி ட்ரிப்ஸைப் பிடுங்கிவிட்டார். காத்து கருப்பு என்கிறார் மாமியார். தலையில் அடிபட்டதாலா?

தலையில் அடி இருக்கிறதா என்று கண்டிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அவர் தினமும் குடிப்பவரா என்று நீங்கள் எழுதவே இல்லையேம்மா. சேர்க்கும்போது குடிப்பாரா என்று கேட்டிருப்பார்கள், நீங்களும் "எப்பவாவது" என்று சொல்லியிருப்பீர்கள், பக்கத்தில் மாமனார் நிற்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்? வருஷக்கணக்கில் தினமும் குடிக்கிறவரின் மூளை, மதுவின் மந்தத்தை ஈடுகட்ட எப்போதும் முடுக்கத்திலேயே இருக்கும். மது திடீரென்று நின்றால் முடுக்கம் மட்டும் மிஞ்சும். சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள்தான் இந்தப் பூச்சி, போலீஸ், பயம் எல்லாம். வார்டில் இதை "டி.டி." என்போம், டெலிரியம் ட்ரெமென்ஸ் என்பதன் சுருக்கம். காய்ச்சலும் படபடப்பும் ஏறி, கவனிக்காமல் விட்டால் உயிரே போகும், வேப்பிலை அடித்து நிற்காது.

உடனே டியூட்டி டாக்டரிடம் போய், கடைசியாகக் குடித்தது எப்போது, தினம் குவார்ட்டரா ஆஃபா, காலையிலேயே ஆரம்பிப்பாரா, எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். லோராஸெபாம், டயஸெபாம் மாதிரி மருந்து கொடுத்து அடக்குவார்கள். தயமின் ஊசியும் போடுவார்கள், அது வைட்டமின் பி1. குடிக்கிறவர் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும், அந்த நிலையில் வெறும் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். இதற்காகவும்தான் உண்மையைச் சொல்லச் சொல்கிறேன். முன்னாலேயே தெரிந்திருந்தால் முதல் நாளே மருந்தை ஆரம்பித்திருப்பார்கள், பெரும்பாலும் அந்த ராத்திரியே வந்திருக்காது.

ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்தினேன். மறுநாள் வலிப்பு வந்து அட்மிட் ஆனேன். சாமி குத்தம் என்கிறார்கள்.

சாமி குத்தம் இல்லை தம்பி, மேலே சொன்ன அதே கதைதான். மாலை போடுவது நல்ல விஷயம், என் வார்டுக்கு வந்தவர்களில் அதில் ஆரம்பித்து அப்படியே நிறுத்தினவர்கள் உண்டு. காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும் என்கிற அளவுக்குப் போனவர்கள் மட்டும் மாலைக்கு முன்னால் டாக்டரைப் பார்த்து, மருந்தோடு நிறுத்த வேண்டும். ஒரு தரம் வலிப்பு வந்தவருக்கு அடுத்த தரமும் வர வாய்ப்பு அதிகம், அதனால் இனி தனியாக முயற்சி வேண்டாம்.

அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்க ஒரு பவுடர் விற்கிறார்கள். வாங்கலாமா?

கூடாது. பவுடரில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, அவரைச் சேர்க்கும்போது டாக்டருக்கும் தெரியாது. ஒருவேளை குடியை நிறுத்த டாக்டர்கள் கொடுக்கிற டைசல்ஃபிராமாக இருந்தால் இன்னும் ஆபத்து. அந்த மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம். இதய நோய் உள்ளவர் செத்தே போகலாம். நிறுத்தின பிறகும் இரண்டு வாரம் வரை வேலை செய்யும். நல்ல மருந்துதான், ஆனால் குடிக்கிறவர் தெரிந்து, சம்மதித்து, தன் கையால் போட்டுக்கொள்ள வேண்டியது. இது ஒத்துவராதவர்களுக்கு நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன.

வாந்தியில் ரத்தம். வாரக் கடைசி, திங்கட்கிழமை போகலாமா?

இதைப் படித்து முடிப்பதற்குள் 108ஐக் கூப்பிடுங்கள். கல்லீரல் கெட்டு உணவுக்குழாயில் உள்ள ரத்தக்குழாய் வெடித்திருக்கலாம், திங்கட்கிழமை வரை தாங்காது. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலும் இதேதான்.

கள்ளச்சாராயம் குடித்தால் கண் போவது எப்படி?

அதில் கலந்திருக்கிற மெத்தனால் என்கிற விஷ ஆல்கஹாலால். உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தின்னும். மாறுவதற்கு நேரம் எடுப்பதால் ராத்திரி குடித்தவர் காலையில் சும்மா தலைவலி என்று படுத்திருப்பார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். குடித்தவர் கண் மங்குது, மூச்சு வாங்குது என்றால் டயாலிசிஸ் வசதி இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போக வேண்டும், போலீஸ் கேஸ் ஆகுமே என்று நேரத்தை ஓட்டக் கூடாது.

கல்லூரியில் படிக்கிற மகன் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போடுகிறான். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஜெயிலா?

இந்தப் பயத்தில்தான் நிறைய பிள்ளைகளை அறைக்குள்ளேயே இழக்கிறோம் அம்மா. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் தானாக அரசு ஆஸ்பத்திரிக்கோ அங்கீகாரம் பெற்ற மையத்துக்கோ சிகிச்சைக்கு வந்தால், பயன்படுத்தியதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. விற்றவனுக்கு இல்லை.

கையில் சீழ்க்கட்டி, விடாத காய்ச்சல் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள், அந்தத் தூள் ரத்தத்தோடு போய் இதய வால்வு வரை கிருமியைக் கொண்டுபோகும். ஊசியை நண்பர்களோடு பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பரிசோதனையும் வேண்டும். முக்கியமானது இன்னொன்று: சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிள்ளை மறுபடி பழைய அளவைப் போட்டால், உடம்பு அந்தப் பழக்கத்தை இழந்திருப்பதால் மூச்சு நின்றுவிடும். உதடு நீலமாகி எழுப்பினால் எழவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108. என்ன போட்டான் என்று மறைக்காமல் சொன்னால் அதற்கான மாற்று மருந்து நாலாக்ஸோன் கொடுப்பார்கள்.

அப்பாவை மூன்றாவது தடவை சேர்த்திருக்கிறோம். நகை எல்லாம் அடகில். இன்சூரன்ஸ் கம்பெனி முடியாது என்கிறது. பத்து வயது மகள் பள்ளியில் யாரோடும் பேசுவதில்லை. யாரை முதலில் பார்ப்பது என்றே தெரியவில்லை, சிஸ்டர்.

மகளை. உங்கள் அப்பா வார்டில் இருக்கிறார், அவரைப் பார்க்க ஆள் இருக்கிறது. தாத்தாவுக்கு வயிற்றுவலி என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள், அவளுக்கு எல்லாம் தெரியும், வீட்டில் யாரும் பேசாததால் தானும் பேசக்கூடாது என்று நினைத்திருப்பாள். "தாத்தாவுக்குக் குடிநோய், நீ எதுவும் பண்ணி வந்ததில்லை, உன்னால் சரி பண்ணவும் முடியாது" என்று நேராகச் சொல்லுங்கள். பாட்டிலைத் தேட, கடைக்குப் போய்க் கூட்டிவர அவளை அனுப்பாதீர்கள். வகுப்பு டீச்சர் ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

இன்சூரன்ஸ்: குடி, போதைக்கான சிகிச்சையும் அதன் விளைவுகளும் வழக்கமான விலக்குகளில் ஒன்று, பாலிசியில் எழுதியிருக்கும். அதனால் அடுத்த நகையை வைக்கும் முன் அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். சென்னையில் டிடிகே போதை மீட்பு மருத்துவமனையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன் குடியால் கணவரை இழந்தவர், அங்கே குடும்பத்தாருக்கும் சிகிச்சையில் இடம் உண்டு. குடிப்பவர்களின் குடும்பத்தார் கூடிப் பேசுகிற அல்-அனான் கூட்டங்களுக்கு அப்பா வராவிட்டாலும் நீங்கள் போகலாம். அடி உதை இருந்தால் பெண்கள் உதவி எண் 181. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, காசில்லை.

நாளைக்கு டிஸ்சார்ஜ். என்ன கேட்டு வாங்க வேண்டும்?

டிஸ்சார்ஜ் சீட்டில் குடி விவரம் எழுதியிருக்கிறதா, தயமின் மாத்திரை எத்தனை நாள், மனநல ஓ.பி.க்கு என்றைக்கு வர வேண்டும். கடைசியது இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள், எலும்பும் வயிறும் மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிற வார்டுகள் நிறைய இருக்கின்றன.